டயாலிசிஸ் ஆரம்பித்ததும் சுகர் இறங்கிவிட்டதே, குணமாகிவிட்டதா?

கேள்வி திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 63 வயது, 20 வருடத்துக்கு மேல் சுகர், காலையும் இரவுமாக 40 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். டயாலிசிஸ் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது, வாரம் இரண்டு தடவை. இப்போது ஊசி, மாத்திரை எதுவுமே இல்லாமல் வெறும் வயிற்றில் 95, மூணு மாச சுகர் (ஹெச்.பி.ஏ1சி) 5.4. "டயாலிசிஸ்ல சுகரையும் சேத்து கழுவிட்டாங்க, இனிமே தாராளமா அசோகா சாப்பிடலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம் (அசோகா என்றால் பாசிப்பருப்பு அல்வா). அதே ஹாலில் பக்கத்துக் கட்டிலில் 45 வயது விவசாயி, ரத்தக் கொதிப்பால் கிட்னி போனவர், வாழ்க்கையில் சுகரே கிடையாது. போன வாரம் மூன்றாவது மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, குத்திப் பார்த்தால் 48. சுகர் உள்ளவருக்கு நார்மல், இல்லாதவருக்கு லோ, இது என்ன கூத்து என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. 18 வருடமாக இந்தக் காவிரிக் கரை ஊர்களில் டயாலிசிஸ் டெக்னீசியன் வேலை பார்க்கிறேன். மருந்தைக் கூட்டுவது குறைப்பது உங்கள் நெஃப்ராலஜிஸ்ட் வேலை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை, சொல்ல அவர்களுக்கு நேரமும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் விஷயம், அப்பாவுக்குச் சுகர் போகவில்லை. சுகரைக் குறைக்கும் இன்சுலின் உடம்பைவிட்டுப் போகாமல் தங்குகிறது, அவ்வளவுதான். நம்ம ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததா? வடிகால் தூர்ந்துபோனால் வழக்கமாக விடும் அதே தண்ணீரிலேயே நாற்று அழுகிவிடும். இன்சுலினுக்குக் கிட்னி அந்த வடிகால். கணையம் சுரக்கிற இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, ஏறக்குறைய பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதியில் பெரும்பங்கை உடைப்பது கிட்னி. ஆரோக்கியமான மனிதருக்குக் கணையம் ஒரு நாளில் சுரப்பதில் கால் பங்கு, 6 முதல் 8 யூனிட் வரை, கிட்னியில்தான் அழிகிறது. ஊசியில் போடும் இன்சுலின் இன்னும் மோசம். அது கல்லீரலை முதலில் சந்திக்காமல் தோலுக்கு அடியிலிருந்து நேராகப் பொது ரத்தத்தில் கலப்பதால், அதில் கிட்னியின் பங்கு இன்னும் அதிகம். கிட்னி ஓரளவு கெடும்வரை இதில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) 15, 20க்குக் கீழே போன பிறகு சட்டென்று தெரியும். அதனால்தான் டயாலிசிஸ் கட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பழைய இன்சுலின் அளவில் பாதியில் ஆரம்பிப்பது டாக்டர்களின் பொதுவான கணக்கு.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது, கிட்னி சர்க்கரையைத் தயாரிக்கவும் செய்கிறது. கல்லீரல்தான் பெரிய உற்பத்தியாளர், சந்தேகமில்லை, ஆனால் இரவு முழுக்கச் சாப்பிடாமல் படுத்திருக்கும்போது ரத்தத்துக்கு வந்து சேரும் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிட்னி கொடுப்பது. சுகர் தாழும்போது அவசரத்துக்குக் கைகொடுக்கும் இரண்டாவது வீடு மாதிரி. கிட்னி சுருங்கிப்போனால் அந்த வீடும் பூட்டிவிட்டது. ஆக, இறக்குகிற மருந்து தங்குகிறது, ஏற்றுகிற வழி அடைபட்டுவிட்டது. இதோடு பசியின்மை, வாய்க் கசப்பு, எடை குறைவு, உப்புப் போடாத சோறு இறங்காமல் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இப்படி டயாலிசிஸில் வந்த பிறகு சுகர் தானாக இறங்கி, மருந்தே தேவைப்படாமல் போவதை "எரிந்து தணிந்த டயபடீஸ்" என்கிற மாதிரி ஒரு பெயரில் சொல்வார்கள். அபூர்வமான சமாசாரம் இல்லை. டயாலிசிஸில் இருக்கும் சுகர் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கு வரை மூணு மாச சுகர் 6க்குக் கீழே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தணிந்தது அடுப்புதான், கங்கு அப்படியே கிடக்கிறது. கண் நரம்பு, கால் மரத்துப்போவது, இதய ரத்தக்குழாய் இதெல்லாம் தன் பாட்டுக்கு நடக்கும். கிட்னி மாற்றினால் புதுக் கிட்னி வந்து இன்சுலினை உடைக்க ஆரம்பிக்கும், கூடவே புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சேரும், இரண்டும் சுகரை ஏற்றுபவை, ஒரே வாரத்தில் சுகர் 300ல் வந்து நிற்கலாம். "போன சுகர் ஏன் சார் திரும்ப வந்துச்சு" என்று மாற்று அறுவை முடித்து வந்த ஒருவர் என்னிடமே கேட்டார். அது போகவே இல்லையே, எங்கிருந்து திரும்ப வருவது.

அந்த 5.4க்கு வருவோம். எனக்கு அந்த எண் மேல் மரியாதை கிடையாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் ஓடும், அதன்மேல் ஒட்டுகிற சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்குச் சிவப்பணுவின் ஆயுசே குறைவு. அதோடு ஹீமோகுளோபின் ஏறுவதற்காகப் போடும் எரித்ரோபொய்ட்டின் ஊசி புதுப்புது அணுக்களாக இறக்கிக்கொண்டே இருக்கும், இடையில் ரத்தம் வேறு ஏற்றியிருப்பார்கள். நேற்று வந்த அணுவில் மூன்று மாதச் சர்க்கரை எப்படி ஒட்டியிருக்கும்? அதனால் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் நேர்மாறாகக் கூட்டிக் காட்டவும் செய்யும். கிட்னி மருத்துவத்துக்கு உலக அளவில் வழிகாட்டுதல் வெளியிடும் கேடிகோ அமைப்பு 2022ல் சொன்னதும் இதுதான், டயாலிசிஸ் கட்டத்தில் இந்தப் பரிசோதனையின் நம்பகம் குறைவு. கிளைகேட்டட் ஆல்புமின் என்று வேறொன்று உண்டு, அது இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும், ஆனால் புரதம் குறைந்தவர்களுக்கு அதுவும் தப்பும், நம்ம ஊர் லேபுகளில் எல்லா இடத்திலும் எடுக்கவும் மாட்டார்கள். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதுதான் கையில் இருக்கும் நல்ல வழி. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையை விட்டுவிட்டு மற்றக் கையில் குத்துங்கள்.

இங்கிலாந்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும்போது மூணு மாச சுகரை 7.5க்கும் 8.5க்கும் நடுவில் வைக்கச் சொல்கிறார்கள். நம்ம வீட்டில் கேட்டால் "8ஆ? ஐயோ" என்பார்கள். கிட்னி நல்லா இருந்தபோது 6.5க்குப் பாடுபட்டது கிட்னியைக் காப்பாற்ற. இப்போது காப்பாற்ற வேண்டியது மூளையையும் இதயத்தையும், அதற்கு உடனடி எதிரி லோ சுகர்.

இனி பக்கத்துக் கட்டில்காரர் கதை. இதற்கு மெஷினுக்குப் பின்னால் இருக்கும் கேனைப் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கட்டிலும் மெஷின் திரையும்தான் தெரியும், எங்களுக்கு அந்தக் கேன்தான் பாதி உலகம். பார்ட் ஏ, பார்ட் பி என்று இரண்டு இருக்கும், ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து மெஷின் தானே டயாலிசேட் என்ற கழுவும் நீரைத் தயார் செய்யும். நிமிடத்துக்கு 500 மில்லி, 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர். இந்த 120 லிட்டரும் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓட, இந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. பார்ட் ஏயில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைதான்) சேர்த்த வகையும் உண்டு, சேர்க்காத வகையும் உண்டு. சேர்த்ததில் பொதுவாக டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும், அதாவது நம் ரத்தத்தில் சாதாரணமாக இருக்கிற அளவு. ரெண்டு பக்கமும் சமமாக இருப்பதால் பெரிதாகப் போக்குவரத்து இல்லை. சேர்க்காத கேன் போட்டால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சவ்வு வழியாக அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு டயாலிசிஸுக்கு 15 முதல் 30 கிராம் வரை.

30 கிராம் என்ன பெரிய விஷயம், காபியில் போடுகிற சீனிதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மனித உடம்பில் 5 லிட்டர் ரத்தம், லிட்டருக்கு 1 கிராம் சர்க்கரை, ஆக மொத்தமே ஒரு டீஸ்பூன்தான் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் குறையாமல் வைத்திருக்க, சாப்பிடாத நேரத்தில் 60 கிலோ ஆளுக்குக் கல்லீரல் மணிக்கு 7 கிராம் போலத் தயாரித்துக் கொடுக்கிறது, 4 மணி நேரத்துக்குச் சுமார் 28 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத கேனில் கிட்டத்தட்ட அதே அளவு சாக்கடைக்குப் போனால், கல்லீரல் ரெட்டிப்பு வேலை பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்ட ஆளுக்குக் கல்லீரலில் சேமிப்பு இருக்கும், சமாளிக்கும். முதல் ஷிப்டுக்காக விடியற்காலை நாலரை மணி பஸ் பிடித்து, முந்தின ராத்திரி ரெண்டு இட்லியோடு படுத்து, காலையில் ஒரு டம்ளர் காபியோடு வந்து படுக்கிற மெலிந்த ஆளுக்குச் சேமிப்பு எங்கே? சுகர் நோய் இருக்கிறதோ இல்லையோ, மூன்றாவது மணி நேரத்தில் 48 வருவதில் ஆச்சரியம் இல்லை.

சுகர் இல்லாதவருக்கு இறங்குவதை நம்மாட்கள் பிரஷர் டவுன் என்று நினைத்துக் காலைத் தூக்கிவைத்து சலைன் ஓட்டிவிடுவார்கள். சலைனில் சர்க்கரை கிடையாது. பிரஷரும் இறங்கலாம், சுகரும் இறங்கலாம், வேர்வை இரண்டுக்கும் ஒன்றுதான். குத்திப் பார்க்கப் பத்து விநாடி. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, என் ஆரம்ப காலத்தில் நானும் சலைன் மட்டும் ஓட்டியவன்தான்.

அவர் விஷயத்தில் இன்னொன்று. சுகர் மருந்தே சாப்பிடாதவருக்கு ஒரு தடவை இறங்கினால் கேன், சாப்பாடு என்று சொல்லிவிடலாம். டயாலிசிஸ் இல்லாத நாளிலும் இறங்கினால், திரும்பத் திரும்ப இறங்கினால், வேறு காரணம் தேட வேண்டும். கழுத்தில் கத்தீட்டர் (டயாலிசிஸுக்காகப் போடும் குழாய்) இருந்து அதில் கிருமி ஏறியிருக்கலாம், சில நேரம் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே சுகர் இறங்கிக் காட்டிக்கொடுக்கும். கல்லீரல் கெட்டிருக்கலாம், சாராயம் இருக்கலாம் (கேட்டால் "எப்பவாவது" என்பார்கள்). ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தார்களா என்று பாருங்கள். கோட்ரைமாக்சசோல் கிட்னி போனவர்கள் உடம்பில் சேர்ந்து, சுகர் மாத்திரை மாதிரியே கணையத்தைத் தூண்டி சுகரை இறக்கும், லீவோஃப்ளாக்சசின் வகையும் சில பேருக்கு இறக்கும். மெலிந்துபோய், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்து, அடிக்கடி இறங்கிக்கொண்டிருப்பவர் நிலைமை நல்லதில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், மழுப்ப விருப்பமில்லை.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் குழப்பம். சுகரே இல்லாத டயாலிசிஸ் நோயாளிக்குச் சாப்பிட்ட பிறகு 170, 180 வரும். யூரியா முதலான கழிவுகள் தேங்குவது, ரத்தத்தில் அமிலம் கூடுவது, வைட்டமின் டி குறைவு, பாராதைராய்டு ஹார்மோன் ஏறுவது இவையெல்லாம் சேர்ந்து, தசை இன்சுலின் சொல்பேச்சைக் கேட்காமல் போகிறது. 1981ல் டிஃப்ரோன்சோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு இதை நேரடியாக அளந்து காட்டியது. கதவைத் தட்டுகிற இன்சுலின் ரத்தத்தில் நிறையவே இருக்கிறது, கதவுக்கு உள்ளேதான் கோளாறு. டயாலிசிஸ் ஆரம்பித்துச் சில வாரம் ஒழுங்காகப் போனால் இது ஓரளவு சரியாகும். அதனால் ஒரே ஆளுக்குப் பட்டினியில் தாழ்வு, சாப்பாட்டுக்குப் பின் ஏற்றம், ரெண்டும் இருக்கலாம். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டபின் எடுத்த ஒரு 190ஐ வைத்துக்கொண்டு "உங்களுக்கும் சுகர் வந்திருச்சு" என்று மாத்திரை எழுதி வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரை அடுத்த டயாலிசிஸ் அன்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

டயாலிசிஸ் முடிந்தபின் ஏறுவதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. சில டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்) நார்கள், குறிப்பாக பாலிசல்ஃபோன் வகை, ஓடுகிற ரத்தத்திலிருந்து இன்சுலினை ஒட்டவைத்துக்கொள்ளும். சுகர் இறங்கியதற்கு எதிராக உடம்பு வேறு ஹார்மோன்களைச் சுரந்து வைத்திருக்கும். முடித்து வெளியே வந்ததும் பசி பறக்கும், வாசலில் இருக்கிற கடையில் புரோட்டா. ராத்திரி பார்த்தால் 280. சுகர் நோயாளி உடனே கூடுதலாக நாலு யூனிட் போடுவார். அதுதான் தப்பு. டயாலிசிஸ் முடிந்து வரும் 24 மணி நேரத்தில் உடம்புக்கு இன்சுலின் தேவை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, போட்டது விடியற்காலை மூன்று மணிக்கு வேலையைக் காட்டும்.

மூன்று மணி என்றதும் எனக்கு ஒருவர் நினைவு வரும். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம், நான் அப்போது ஒரு சின்ன சென்டரில் இருந்தேன். வயதான அம்மா, பக்கத்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி கிளிபென்கிளமைடு கலந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், கிட்னி நல்லா இருந்த காலத்தில் எழுதியது. உளறல், ஒரு பக்கமாகச் சரிவு, வீட்டில் பக்கவாதம் என்று தூக்கி வந்தார்கள். சுகர் 31. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினதும் எழுந்து உட்கார்ந்து "எங்கடா என் செருப்பு" என்று கேட்டார். எல்லோருக்கும் சந்தோஷம், அரை மணி நேரம் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி திரும்பவும் மயக்கம், காலையில்தான் கண்டுபிடித்தார்கள். பிழைத்தார், ஆனால் பழைய ஆளாக இல்லை. அந்த மாத்திரையும் அது உடைந்து உண்டாகும் பொருள்களும் கிட்னி வழியாகப் போக வேண்டியவை, கிட்னி இல்லாதபோது ஒரு நாள், ரெண்டு நாள், அதற்கு மேலும் தங்கி இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையால் இறங்கிய டயாலிசிஸ் நோயாளியை ஒரு பாட்டில் டெக்ஸ்ட்ரோஸோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது, படுக்கவைத்துப் பார்க்க வேண்டும், டாக்டர் போகச் சொன்னாலும் "இன்னைக்கு ராத்திரி இருந்துட்டுப் போறோம்" என்று நீங்களே கேளுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிபென்கிளமைடு கூடவே கூடாது. கிளிமிபிரைடும் தங்கும். மெட்ஃபார்மின் ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே நிறுத்திவிட வேண்டியது, லாக்டிக் அமிலம் தேங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளி வேலை செய்வது, சிறுநீரே வராதவருக்குச் சுகரைக் குறைக்காது. லினாகிளிப்டின் 5 மில்லிகிராமை அளவு மாற்றாமலே கொடுப்பார்கள், டெனலிகிளிப்டினும் அப்படித்தான், சிட்டாகிளிப்டின் என்றால் 25ஆகக் குறைத்து. பயோகிளிட்டசோன் தண்ணீர் சேர்க்கும். வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை டப்பாவை ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள், நல்ல வழி அதுதான். சிறுகுறிஞ்சான் பொடி, நாவல் கொட்டைப் பொடி, ஆவாரம்பூ கஷாயம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். சுகரை இறக்கும் என்று நம்பித்தானே சாப்பிடுகிறீர்கள், இறக்கினால் இங்கே ஆபத்து, இறக்காவிட்டால் வீண். கஷாயம் என்றால் பொட்டாசியமும் தண்ணீர்க் கணக்கும் வேறு.

இறங்கிவிட்டால் என்ன கொடுப்பது என்பதில்தான் நம்ம ஊரில் பெரிய தப்பு நடக்கிறது. பாசத்தோடு ஓடிப்போய் இளநீர் வெட்டிவந்து கொடுப்பார்கள். தென்னை வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது, கை தானாகப் போகும். ஒரு டம்ளர் இளநீரில் 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும், சர்க்கரையோ கொஞ்சம்தான். சிறுநீர் வராதவருக்கு அது இதயத்தை நிறுத்தும் வேலை. பூவன் பழம், ஆரஞ்சு ஜூஸ், வெல்லம் கரைத்த பானகம், கருப்பட்டி எல்லாம் அதே பட்டியல். வெள்ளைச் சீனி மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீர், கலக்கிக் குடிக்க வேண்டியது. கெட்ட பொருள் என்று ஊரே திட்டுகிற வெள்ளைச் சீனிதான் இந்த ஒரு இடத்தில் நல்ல மருந்து, அதில் பொட்டாசியமும் இல்லை, பாஸ்பரசும் இல்லை. 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள், 70க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறினதும் ரெண்டு இட்லியோ நாலு பிஸ்கட்டோ கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108ஐக் கூப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாக ஏறும்.

அறிகுறியை நம்பி இருப்பதும் சிக்கல். பிரஷருக்கு மெட்டோபுரோலால், கார்வெடிலால் மாதிரி மாத்திரை சாப்பிடுவோருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாது, வேர்வை மட்டும் வரும். 20 வருடச் சுகரில் நரம்பு கெட்டவருக்கு அதுவும் வராது, நேராகக் குழப்பம், தூக்கம், வீணாகக் கோபம். உங்கள் அப்பா காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் பதிலுக்குக் கத்தாமல் முதலில் குத்திப் பாருங்கள்.

டயாலிசிஸ் நாளின் காலை நேரம்தான் எனக்குப் பெரிய கவலை. இன்னும் இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டிலேயே ஊசி போட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள், "அங்க போயி சாப்பிட்டுக்கலாம்" என்று இட்லிப் பொட்டலத்தோடு. பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டால் ஊசி நிற்குமா? பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் ஊசி வேண்டாம். காலை ஊசியை டயாலிசிஸ் அன்று குறைப்பதா, முடித்துவந்து போடுவதா என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஷிப்டு காலையா மதியமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். சிலருக்கு வயிறே மெதுவாகக் காலியாகும், சுகர் நரம்பைக் கெடுத்ததால், அவர்களுக்குச் சாப்பாடு ஏறும் முன்னால் ஊசி வேலையைத் தொடங்கிவிடும், சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார்கள். மெஷினில் போடும் முன் சுகர் 125க்குக் கீழே இருந்தால் 20, 30 கிராம் மாவுச்சத்து, ரெண்டு இட்லி கணக்கு, சாப்பிட்டுவிட்டுப் படுப்பது நல்லது. நடுவில் வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுக்குப் போய்ப் பிரஷர் இறங்கும், அதனால் கொஞ்சமாக. பிரதோஷம், ஏகாதசி, நோன்பு என்று பட்டினியோடு வருகிறவர்களும் உண்டு. ஸ்ரீரங்கமோ நாகூரோ, எந்தச் சாமியும் இந்த உடம்போடு பட்டினி கேட்காது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன், ஜெயித்தது பாதிதான்.

அந்தப் பார்ட் ஏ கேனில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறதா என்று நீங்களே கேட்கலாம், லேபிளிலும் எழுதியிருக்கும். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள். எல்லா மெஷினுக்கும் ஒரே சரக்குதான் வந்திருக்கிறது என்றால், சாப்பாட்டையும் குத்திப் பார்ப்பதையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஏறுகிற பக்கத்தையும் ரெண்டு வார்த்தை. சிறுநீர் வருகிறவருக்குச் சுகர் 180ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் வழியும், அது ஒரு பாதுகாப்பு. சிறுநீர் நின்றவருக்கு அந்த வழிந்தோடி கிடையாது, 500, 600 என்று சத்தமில்லாமல் ஏறும், அடிக்கடி ஒன்றுக்குப் போவது என்கிற பழைய அறிகுறியே இருக்காது. தாகம்தான் அறிகுறி. ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நாலு கிலோ ஏறிவந்தவரை "தண்ணி குடிக்காதன்னா கேக்குறதில்ல" என்று எல்லோரும் திட்டுவோம், பார்த்தால் சுகர் 400, தாகம் அவர் குற்றமில்லை. சர்க்கரை, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை ரத்தத்துக்கு இழுக்கும், மூச்சு வாங்கும், பொட்டாசியமும் கூடவே வெளியே வரும். மற்ற நோயாளிகளுக்கு இந்த நிலையில் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள், இவருக்கு ஏற்றினால் நுரையீரலில் நிற்கும், இன்சுலினே முக்கிய மருந்து. அவசரத்துக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் "டயாலிசிஸ் பேஷண்ட், யூரின் வராது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வயிற்றில் செய்யும் டயாலிசிஸ் உள்ளவர்களுக்குக் கணக்கே தலைகீழ். அந்தப் பையில் இருப்பதே டெக்ஸ்ட்ரோஸ் தண்ணீர், 2 லிட்டர் 2.5 சதவீதப் பை என்றால் 50 கிராம். ஒரு நாளைக்கு 100 முதல் 200 கிராம் வரை உடம்புக்குள் போகும். சுகர் இல்லாதவருக்கும் ஏறும், எடை போடும். ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற பை வேறு உண்டு, அது உடைந்து மால்டோஸ் ஆகும், ஜி.டி.ஹெச்.-பி.க்யூ.க்யூ. முறை ஸ்ட்ரிப் போடும் குளுக்கோமீட்டர்கள் அதையும் சுகர் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். இல்லாத சுகருக்கு இன்சுலின் போட்டு உயிர் போனதுண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. அந்தப் பை போடுகிறவர்கள் மீட்டர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண மீட்டரிலும் ஹீமோகுளோபின் 7, 8 என்று கிடந்தால் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், 75 என்று காட்டினால் உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

உங்கள் அப்பாவுக்கு நான் கேட்பது இதுதான். ஒரு டயாலிசிஸ் நாள், ஒரு சும்மா நாள், ரெண்டையும் தேர்ந்தெடுத்து வெறும் வயிறு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம், படுக்கும் முன், விடியற்காலை மூன்று மணி என்று குத்தி எழுதுங்கள். டயாலிசிஸ் நாளில் போடும் முன்பும் மூன்றாவது மணி நேரத்திலும் முடிந்த பின்பும் சேர்த்து. ஸ்கூல் நோட்டில் எழுதினால் போதும். எல்லாம் 100க்கும் 200க்கும் நடுவில் ஓடினால் மருந்தில்லாமல் இருப்பது சரிதான், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு 60, 65 என்று வந்தால் அந்த 95ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டது தப்பு. வருடத்துக்கு ஒரு தடவை கண், தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, இதை விட வேண்டாம்.

அசோகா கேட்டிருந்தீர்களே. டயாலிசிஸ் அன்று, மெஷினில் படுத்திருக்கும்போது, ரெண்டு ஸ்பூன், போடும் முன் சுகர் பார்த்துவிட்டு. எங்கள் ஹாலில் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு ஸ்பூன் கொடுங்கள், அவருக்கு உங்கள் அப்பாவைவிட அதிகம் தேவை.